நம்ம பாடு

பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் கிணறுகள் இன்னும் வேண்டுமா என்று ஊர்க்கூட்டம் அன்று முடிவு செய்ய வேண்டும். கரையோரம் தோண்டிய முதல் கிணறு, ஊர் மீன்பிடிக்கும் ஏரியைக் கெடுத்ததா என்று சொல்ல, பொன்னேரிக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் ஜெபசெல்வி வந்திருந்தாள். தோண்டுமுன்னும் பின்னும் வலைக்காரர் பால்ராஜ் மொண்டு கொடுத்த தண்ணீரை அவள் சோதித்திருந்தாள். எல்லாப் பாட்டிலிலும் ‘நம்ம பாடு’ என்றே எழுதியிருந்தது. இப்படிக் கிணறு தோண்டும்போது கலந்து வரும் பேரியம், பின்னால் எடுத்த தண்ணீரில் பல மடங்கு.

“எல்லாம் ஒரே எடத்துத் தண்ணியா?” என்று பால்ராஜைக் கேட்டார் கம்பெனி அதிகாரி.

“அது எப்டி சார்? மொதல்ல பாடு முகத்துவாரத்தாண்ட வந்துச்சு. அப்பால கெணத்தாண்ட.”

மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்து மாற்றிக்கொள்ளும் ஊர் அது. முறைக்குக் கிடைக்கும் இடம்தான் பாடு. ஜெபசெல்வி அதை ஓர் இடத்தின் பெயர் என்று நினைத்திருந்தாள்.

“கெணத்தாண்ட தண்ணி முன்னாடியே அப்படி இருந்திருக்கலாமே” என்றார் அதிகாரி.

“ஒரே எடத்துலதான மொள்ளச் சொன்னேன் அண்ணே?” என்று பால்ராஜைக் கேட்டாள் ஜெபசெல்வி.

“அடுத்தவன் பாட்டுல எப்டிம்மா படவ உடுறது? தண்ணி மொள்ள வந்தேன்னா எவன் நம்புவான்?”

“டீச்சரம்மா பேரையும் சீட்டுல போட்டுருக்கணும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

“நாளைக்கே ஒரே எடத்துல மொண்டாறேன்” என்றார் பால்ராஜ்.

“தோண்டுறதுக்கு முந்தின தண்ணிய எங்க மொள்ளுவீங்க?” என்றாள் ஜெபசெல்வி.

ஊர்த் தலைவர் புதுக் கிணறுகளுக்குச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். பால்ராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் தூக்கினார்.

“எம் புள்ளைக்கு வேலை தரேன்றாங்கம்மா.”