எதிரே வரும் கப்பல்

புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்றுதான். அந்தக் கேள்வியை விடுங்கள். எந்தக் கப்பல் கையில் இருந்தாலும், எதிராளி உங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது உங்களுக்குக் கோபம் வருமா வராதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு வரும். நன்றாகவே வரும். அதனால் நான் சொல்லும் யோசனைகளில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேசைமேல் நட்சத்திரம் அச்சடித்த கறுப்புத் துணி, அதில் அங்கங்கே விண்பாறை என்று சில அட்டைத் துண்டுகள். அதன்மேல் ஆளுக்கு மூன்று விண்வெளிக் கப்பல்கள், சின்னது விரல் நீளம், பெரியது கை அகலம். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சின்ன டயல் உண்டு. இடமா, வலமா, நேராகவா, எவ்வளவு வேகம் என்று அதில் ரகசியமாகத் திருப்பி, கவிழ்த்து வைக்க வேண்டும். வைத்தபின் தொடக்கூடாது. இருவரும் ஒன்றாகத் திறந்து காட்டி, காட்டியபடியே கப்பலை நகர்த்திவிட்டு, மூக்குக்கு நேரே இருப்பதைச் சுடலாம். பகடை சொல்வதுதான் அடி. முட்டிக்கொண்ட கப்பல்கள் மட்டும் ஒன்றையொன்று சுட முடியாது, குறித்த சுற்றுகள் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. குன்னூரில் சர்ச் ஹாலின் பின்னறையில் சனிக்கிழமை சாயங்காலம்தோறும் இதை ஆடுகிறோம். வளர்ந்தவர்கள் பொம்மை வைத்து விளையாடுகிறோம் என்று யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ஊரில் சீட்டாடுகிறவர்களை யாரும் கேலி செய்வதில்லை.

இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர் ஹெர்பர்ட் அண்ணா. எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க். ஹாலுக்கு அனுமதி வாங்கியது, துணி வாங்கியது, கோயமுத்தூர்ப் போட்டிக்கு வருடாவருடம் தன்னையும் சேர்த்து மூன்று பேர் அணியைக் கூட்டிப் போவது எல்லாம் அவர்தான். அவர் இல்லாவிட்டால் சங்கமே இல்லை என்பது நிஜம். அதற்காக அவர் சொல்வதெல்லாம் வேதமாகிவிடாது.

அந்த மூன்று பேரில் என் தம்பி பெனிஸ் ஒருவன். அவனுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது கப்பல்களை என் கையில் கொடுத்து, "அக்கா, நீ ஆடு. சும்மா அலமாரியில வெச்சுப் பூசை பண்ணாத" என்றான். போகுமுன் எனக்கு ஆடவும் சொல்லிக்கொடுத்தான்.

என் பெயர் லோயிஸ், பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். தோட்டங்களில் பச்சைத் தேயிலை மூட்டையை ஏற்றி, கீழே ஃபேக்டரியில் இறக்க வேண்டும். எந்தத் தோட்டத்துக்கு முதலில் போவது, எந்த வழியாக இறங்குவது, எப்போது திரும்புவது என்று எல்லாவற்றையும் போனில் யாரோ சொல்வார்கள். என் கையில் ஸ்டீயரிங் இருக்கிறதே தவிர, திசை என்னுடையதில்லை. அந்தக் கறுப்புத் துணிமேல் முதன்முதலாக டயலைத் திருப்பியபோது யாரும் எனக்கு வழி சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று சொன்னால் சிரிப்பீர்கள். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே நான் பாரம் ஏற்றித்தான் போயிருக்கிறேன். ஒரு தடவையாவது ஆடுவதற்கென்று போக வேண்டும், எனக்கென்று போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

காலியான இடத்தைத் தன் அக்கா மகன் ஆஷ்லிக்குக் கொடுக்கப்போவதாக ஹெர்பர்ட் அண்ணா அறிவித்த சனிக்கிழமை, நான் எழுந்து நின்றேன்.

"ஏனுங்ண்ணா, நானும் இருக்கறனல்லங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மிணி, இது பொம்பளைங்க வெளையாட்டில்லைன்னு நான் சொல்லல. பழகுனவங்க வெளையாட்டுன்னு சொல்றேன்."

"பழகத்தானுங்ண்ணா வந்திருக்கறேன்."

"பழகறதுக்குக் கோயமுத்தூர்தான் கெடச்சுதா?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அணியின் இன்னொரு ஆளான அம்புரோஸ் சார் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்கூல் வாத்தியார், நியாயம் பார்ப்பவர். "ஆஷ்லியும் புதுசுதானுங்களே. ஆடிப் பாத்துரலாமே" என்றார். ஹெர்பர்ட் அண்ணாவுக்கு வேறு வழியில்லை. யோசித்து, பெரிய மனசு பண்ணுவதுபோல ஒரு நிபந்தனை சொன்னார்.

"எங்கூட ஆடு. நீ ஜெயிக்கக்கூட வேண்டாம். கடைசிச் சுத்து முடியறப்ப உன்ற கப்பல் ஒண்ணாவது உசுரோட இருந்தா, அந்த எடம் உனக்கு."

ஜெயிக்கக்கூட வேண்டாமாம். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சரி என்றேன்.

புதியவர்களுக்கு பெனிஸ் சொல்லும் முதல் யோசனை, கப்பல்களைச் சிதறவிடாதே என்பது. இரண்டாவது, எல்லாக் கப்பலும் சேர்ந்து ஒரே எதிரியைச் சுடு என்பது. மூன்று எதிரிக்கு ஆளுக்கொரு காயம் கொடுப்பதைவிட, ஒருத்தனை ஒழித்துக் கட்டுவது மேல். காயம்பட்ட கப்பலும் முழுப் பலத்தோடு சுடும், ஒழிந்த கப்பல் சுடாது. நான் அதை அப்படியே செய்தேன். ஆரம்பத்திலேயே என் மூன்றும் ஒட்டி நின்று அவருடைய சின்னக் கப்பல் ஒன்றைத் தீர்த்தன. நடுவராக நின்ற அம்புரோஸ் சார் அதை மேசையிலிருந்து எடுத்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அங்கேதான் ஆட்டம் கெட்டது. ஹெர்பர்ட் அண்ணா தன் பெரிய கப்பலை என்னை நோக்கி நேராக விட்டார். நான் டயலை எடுத்தேன். என் விரல் தானாக இடப்பக்கம், குறைந்த வேகம் என்று திருப்பி வைத்தது. கப்பல் ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்தில் ஒரு விண்பாறை. பாறையில் மோதி நின்ற கப்பலைப் பின்னாலிருந்து அவர் நிதானமாகச் சுட்டார். அடுத்த சுற்றிலும் அதே பெரிய கப்பல் நேராக வந்தது. என் விரல் மறுபடியும் இடப்பக்கமே போனது. இரண்டாவது கப்பலும் போயிற்று.

ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஹெர்பர்ட் அண்ணாவுக்குப் புரிந்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, அறைக்கே கேட்கும்படி சொன்னார்.

"மலையில லோடு வண்டி ஓட்டறவங்ககிட்ட இதாங்க சிக்கல். எதுத்தாப்பல ஏறி வந்தாப் போதும், ஒதுங்கி நின்னு வழி விட்ருவாங்க. அம்மிணி கை ஒதுங்கும்னு எனக்கு மொதல்லயே தெரியும்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர்கள் ஓரம் கட்ட வேண்டும். வளைவில் எதிரே பஸ் மூக்கை நீட்டினால், யோசிப்பதற்கு முன்னாலேயே என் கை இடப்பக்கம் ஒடித்து, கால் பிரேக்கில் இருக்கும். இத்தனை வருடமாக நான் பாரத்தோடு இறங்குகிறவள். வழிவிட்டு வழிவிட்டே பழகிய கை. பழக்கம் பொல்லாதது, அது சமதளமான மேசைமேலும் மலையைக் கண்டுவிட்டது. இந்தத் தப்பைக் கோயமுத்தூர்க்காரன் எவனும் செய்யமாட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் கொதித்தது. சாலையில் வழிவிடுவது மரியாதை. அந்த மரியாதையையே ஒருவர் பொறியாக வைத்து, அதைச் சொல்லியும் காட்டிச் சிரிக்கிறார். குனியக் குனியத்தான் குட்டுவார்கள் என்பது சும்மா சொன்னதில்லை. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போனால் ஆஷ்லிக்கு இடம். அதனால் போகவில்லை.

புதிதாக ஆடுகிறவர்களே, இதைக் கேளுங்கள். எதிரி இப்போது நிற்கும் இடத்தைப் பார்த்து டயலைத் திருப்பாதீர்கள். நகர்ந்தபின் எங்கே நிற்பான் என்று பார்த்துத் திருப்புங்கள். இது பெனிஸ் போனில் பத்துத் தடவை சொல்லியும் என் மண்டையில் ஏறாத யோசனை. கோபத்தில் ஏறிவிட்டது. நான் ஒதுங்குவேன் என்று கணக்குப் போட்டு, நான் வரப்போகும் இடத்துக்கு அவர் தன் இரண்டாவது சின்னக் கப்பலை அனுப்புவார். அப்படியானால் நான் அங்கே போகக்கூடாது. டயலைப் பிடித்திருந்த என் வலக்கையை இடக்கையால் அழுத்திக்கொண்டு, நின்ற திசையிலேயே குறைந்த வேகம் வைத்தேன். அவருடைய சின்னக் கப்பல் வேகமாகப் பாய்ந்து, என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. சுட்டேன். பகடை கை கொடுத்தது, அந்தச் சின்னக் கப்பலும் ஒழிந்தது. யானைக்கும் அடி சறுக்கும்.

சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஆனால் பெரிய கப்பல் மிச்சமிருந்தது. அது என்னை விரட்டி விரட்டிச் சுட்டது. கடைசிச் சுற்று வந்தபோது, என் ஒற்றைக் கப்பல் இன்னும் ஒரே ஒரு அடி பட்டாலும் ஒழிந்துவிடும் என்ற நிலை. அவருக்கும் மிச்சம் ஒரே கப்பல்தான், ஆனால் மலைமாதிரி. இரண்டும் எதிரெதிரே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

ஹெர்பர்ட் அண்ணா தன் டயலைத் திருப்பி, கவிழ்த்து வைத்தார். வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அம்மிணி, நல்லாத்தான் ஆடற. நான் வலப்பக்கம் திரும்பிப் போறதா வெச்சுட்டேன். நீயும் ஒதுங்கிப் போயிரு. யாரும் யாரையும் சுட வேண்டாம். எடத்த எடுத்துக்க. நானே விட்டுக் கொடுக்கறேன்னு வெச்சுக்க."

நான் அவரை நம்பினேன். சத்தியமாக நம்பினேன். வைத்த டயலைத் தொடக்கூடாது, அவர் திரும்பிப்போகப்போகிறார், நான் ஒதுங்கினால் என் கப்பல் பிழைக்கும், கோயமுத்தூர் எனக்கு. வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் போகிற வழியெல்லாம், அங்கே போயும், அடுத்த வருடமும், "நான் விட்டுக் கொடுத்த எடம்" என்று அவர் சொல்லப்போவதும் எனக்குக் கேட்டது. என் கப்பலை இன்னொருத்தர் தயவில் ஓட்டுவதற்கு நான் இங்கே வரவில்லை. அதற்குப் பிக்கப்பே போதும்.

"வேண்டாங்ண்ணா" என்றேன். "நீங்க விட்டுக் குடுத்து எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

நேராக, உச்ச வேகம் என்று திருப்பி வைத்தேன். பயந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஒரு அடி போதும், எல்லாம் போய்விடும்.

அம்புரோஸ் சார் இரண்டு டயலையும் திறந்தார். என்னுடையது நேராக, உச்ச வேகம். ஹெர்பர்ட் அண்ணாவுடையதும் நேராக, உச்ச வேகம்.

வலப்பக்கமாவது ஒன்றாவது. அவர் சொன்னதை நம்பி நான் ஒதுங்கியிருந்தால், என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருப்பார். அந்த ஒரு அடி அங்கேதான் விழுந்திருக்கும்.

அவருடைய கப்பல் பாதி தூரம் வந்தது, என்னுடையது போய் அதில் முட்டியது. முட்டிக்கொண்ட கப்பல்கள் ஒன்றையொன்று சுட முடியாது, அதுதான் விதி. இரண்டும் மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு நின்றன. சுற்று முடிந்தது. என் கப்பல் உயிரோடு இருந்தது.

"ஏனுங்க, திரும்பறேன்னீங்களே?" என்று கேட்டார் அம்புரோஸ் சார்.

"சண்டையில எதிரிகிட்ட உண்மையா பேசுவாங்க?" என்றார் ஹெர்பர்ட் அண்ணா. முகம் மட்டும் சிவந்திருந்தது. "அதுவும் ஆட்டந்தானுங்க சார்."

அது சரிதான். நானும் மறுக்கவில்லை. மேசையில் எதிராளி வாயால் சொல்வதை நம்பாதே என்பதும் புதியவர்களுக்கு ஒரு நல்ல யோசனை. ஆனால் நான் பிழைத்தது அவர் பேச்சைச் சந்தேகப்பட்டதால் இல்லை. நம்பிய பிறகும் வேண்டாம் என்றதால்தான். அதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"மூணாவது ஆள் லோயிஸ்" என்று அம்புரோஸ் சார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். யாரோ கை தட்டினார்கள். ஹெர்பர்ட் அண்ணா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"எடம் உனக்குத்தான், நான் பேச்சு மாற மாட்டேன். ஆனா ஒண்ணு அம்மிணி. முட்டிக்கிட்டு நின்னதுதான் இது. நீ என்னை ஜெயிக்கல."

"ஆமாங்ண்ணா. ஜெயிக்கல" என்றேன்.

செத்துப்போன என் இரண்டு கப்பல்களையும் எடுத்துத் துடைத்து, ஆரம்பக் கோட்டில் வைத்தேன். மூன்றாவதையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினேன். பிறகு அவருடைய சின்னக் கப்பல்கள் இரண்டையும் எதிர்க்கோட்டில் வைத்து, கடைசியாக அந்தப் பெரிய கப்பலைத் தூக்கி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"என்ன பண்ற?"

"உக்காருங்ண்ணா. எடத்துக்கு ஆடுனது முடிஞ்சுது. இது உங்கள ஜெயிக்கறதுக்கு."

"பனி எறங்குது, நேரமாச்சு..."

"வெடிய வெடிய பனிதானுங்ண்ணா. உக்காருங்க."

ஹெர்பர்ட் அண்ணா கதவைப் பார்த்தார், அம்புரோஸ் சாரைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். யாரும் அவருக்கு வழிவிட்டு நகரவில்லை. மஃப்ளரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டு உட்கார்ந்தார். நான் என் டயலைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவருக்காகக் காத்திருந்தேன்.