லார்ட்டர் வீட்டுச் சேவல்

தோர்ன்மியர் சர்ச் கோபுரத்து உச்சியில் திசைகாட்டியாக வைத்த செப்புச் சேவல் காற்றை ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. லார்ட்டர் வம்சத்து ஆண்களில் உயிரோடிருக்கும் மூத்தவர் எங்கே இருக்கிறாரோ, அந்தப் பக்கம் பார்த்து நிற்பதே அதன் வழக்கம். வயலுக்குப் போவதாகச் சொன்ன கணவன் பப்பில் உட்கார்ந்திருப்பதை லார்ட்டர் வீட்டு மருமகள்கள் அடுப்படி ஜன்னலிலிருந்தே தெரிந்துகொண்டார்கள். காற்றின் திசை வேண்டியவர்கள் விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். லார்ட்டர் வித்தில் ஆண்பிள்ளை பிறந்தால் சேவல் மூன்று சுற்றுச் சுற்றும். அன்றைக்கு அண்ணாந்து பார்ப்பது மரியாதை இல்லை என்பதால், ஊரார் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

வில்ஃப்ரெட் லார்ட்டர் தொண்ணூறு வயதில் இறந்த காலை, சேவல் கிறீச்சிட்டுத் திரும்பியது. மேட்டிலிருந்த அவருடைய வீட்டையும், வாசலில் நின்ற அவருடைய ஒரே மகன் மெர்வினையும் தாண்டிப்போய், கீழ்த்தெருவில் டிராக்டர் பழுதுபார்க்கும் கொலின் டாக்கின் பட்டறையைப் பார்த்து நின்றது. துரு என்றார்கள். பாதிரியார் ஆள் ஏற்றி எண்ணெய் போட்டார். சர்ச் நிர்வாகத்தை இருபது வருடமாகக் கவனித்துவந்த மெர்வினும் துரு என்றே நம்பினார். நம்பாமல் அவருக்கு வேறு வழியில்லை.

அந்தக் கோடையில் நியூசிலாந்திலிருந்து ஜோசலின் லார்ட்டர் என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய தகப்பன் வழி முப்பாட்டனார் தோர்ன்மியரிலிருந்து கப்பலேறியவராம். டி.என்.ஏ. சோதனையில் அதை நிச்சயப்படுத்த, தன் அண்ணனுடைய எச்சிலோடு ஒப்பிட ஊரில் எஞ்சிய லார்ட்டரின் எச்சில் வேண்டும் என்றாள். மெர்வின் காலை டீயைக்கூடத் தொடாமல் குப்பியில் துப்பி, கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோகிறவர் மாதிரி தபாலில் சேர்த்தார்.

இலையுதிர்காலத்தில் அவள் மறுபடி அழைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க மெர்வின். உங்க அப்பா வழியும் எங்க வழியும் ஒட்டவே இல்ல. ஊர்ல வேற லார்ட்டர் யாராவது இருக்காங்களா?"

மெர்வின் ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கொலின் டாக்கின் பெயரைச் சொன்னார். கொலினின் எச்சில் நியூசிலாந்துக்காரருடையதோடு அச்சாகப் பொருந்தியது.

மெர்வினின் தாய் எனிட் அவரைவிடப் பத்தொன்பது வயதே மூத்தவள். அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், விஷயத்தைக் கேட்டும் கத்தியை நிறுத்தவில்லை. "உன்னைப் பெத்தவன் அறுவடைக்கு வந்தவன்ப்பா. அறுவடை முடிஞ்சதும் போயிட்டான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நீ பொறந்தன்னைக்கு வெளிய போய் அண்ணாந்து பார்த்தாரு. சேவல் அசையல. உள்ள வந்து எனக்கு டீ போட்டுக் குடுத்தாரு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கொலின் பொறந்தப்ப அது மூணு சுத்து சுத்திடுச்சே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என்னைக் கேட்பாரு?"

"ஊர்ல வேற யாருக்கும்மா தெரியும்?"

"கண்ணு இருக்கறவங்களுக்கெல்லாம்."

தாயை அவர் மன்னித்தார். வயிற்றில் சுமந்தவளிடம் கணக்குக் கேட்க முடியாது. வில்ஃப்ரெட்டையும் ஒருவாறு மன்னித்தார். மனம் ஆறாதது மற்றவர்களிடம்தான். ஞானஸ்நானத்தில் லார்ட்டர் மூக்கு என்று கன்னத்தைக் கிள்ளியவர்கள், கல்யாணத்தில் லார்ட்டர் வம்சம் தழைக்க என்று கோப்பை தூக்கியவர்கள், அந்தச் சேவலுக்குப் பொன்முலாம் பூசும் பொறுப்பை அவரிடமே கொடுத்துக் கைதட்டியவர்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தோர்ன்மியரில் அதற்குத் தேவையே வந்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையே அறுபது வருடமாக அவருக்குப் பரிமாறியிருக்கிறார்கள். 

அவர் கொலினிடம் போய், சேவலைத் தன் வீட்டைப் பார்க்கத் திருப்பி வெல்டிங் வைத்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

"எனக்கு மட்டும் ஆசையா? குளிக்கப் போனாக்கூட மொறைச்சுக்கிட்டு நிக்குது," என்றார் கொலின். "அந்த மனுஷன் முப்பது வருஷமா இங்க டிராக்டர் கொண்டுவந்தாரு. ஒருநாள் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அந்த அப்பாவ நீயே வச்சுக்க."

மறுநாள் மத்தியானம் கொலின் ஏறி, சேவலை மேட்டு வீட்டுப் பக்கம் திருப்பி, அசையாதபடி பற்றவைத்துவிட்டு இறங்கினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மெர்வின்.

ஞாயிறு விடிந்தபோது சேவல் வைத்தபடியே இருந்தது, சர்ச்தான் திரும்பியிருந்தது. கோபுரம், மணிகள், வண்ணக் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து திரும்பியதில் சேவல் மறுபடி பட்டறையைப் பார்த்தது. பிரதான வாசல் மதிலில் போய் முட்டிக்கொண்டிருந்தது. ஜெபிக்க முகம் பார்க்கும் கிழக்கு இப்போது இடப்புறம் என்பதால் பாதிரியார் நாற்காலிகளை மாற்றிப் போடச் சொன்னார். மதிலை இடித்து வழிவிடும் தீர்மானத்தை நிர்வாகக் குழு விவாதமின்றி நிறைவேற்ற, மெர்வின் அதில் கையெழுத்திட்டார். அதுவரை எல்லோரும் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார்கள். வழக்கப்படி கதவருகே நின்ற மெர்வினைப் பார்த்து, நல்ல காலைப்பொழுது, மழை வராது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். மெர்வின் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அதையும் யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.