வாழவந்தி நாட்டில் மழை இல்லை

அந்த ஆடி மாதம் முழுக்க, மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் மழை இல்லை என்று, நுண்ணலையை (மைக்ரோவேவ்) வைத்து மழையை அளக்கும் செயற்கைக்கோள் சொன்னது. கண்ணாயி அம்மாவின் மிளகுத் தோட்டத்தில் நாங்கள் வைத்த மழைமானியும் அதையே சொன்னது. மழை பெய்தால் அதன் பதிவுத்தாளில் கோடு ஏறும். வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்த் தாளை மாற்றுவேன். கோடு நேராகவே இருக்கும்.

"நிலத்து மேல மைக்ரோவேவ் சரிப்படாதுன்னாங்களே, இப்பப் பாரு!" என்றார் என் பேராசிரியர் அர்த்தநாரி. இரண்டும் ஒத்துப்போனால் எனக்கு எம்.ஃபில். இல்லையென்றால் இன்னொரு வருடம். அதுவரை வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

போகும்போதெல்லாம் மலைச்சாலை ஈரமாக இருந்தது. "பனிமூட்டம்" என்றார் சார்.

கடைசி வாரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. கண்ணாயி அம்மா அலுமினியக் குண்டானோடு தோட்டத்துக்குள் ஓடினார். மழைமானியின் வாயில் அதைக் கவிழ்த்து, மேலே கல்லையும் வைத்தார்.

"ஏனுங்கம்மா, என்ன பண்றீங்க?"

"பயப்படாத கண்ணு, எப்ப சாரல் வந்தாலும் மூடிருவேன், ஒரு சொட்டு உள்ள போயிருக்காது. அளக்கற சாமான், பத்திரம்னு நீதான சொன்ன? ராகி அளக்கற வள்ளத்தையே நாங்க நனைய விடமாட்டோம். இது கவர்மெண்டு சாமான்."

"இது மழைய அளக்கறதுங்க."

"மழைய மேல சுத்தறது அளக்குதுன்னியே? அப்ப அது சும்மாவா சுத்துது?"

ஏறக்குறைய சும்மாதான். நிலமே நுண்ணலையை நிறைய உமிழ்வதால் மழைத்துளிகள் அதில் மறைந்துவிடும். மேக உச்சியில் பனிக்கட்டி இருந்தால்தான் மழை என்று தெரியும். எங்கள் சாரல் மேகம் அவ்வளவு உயரம் போவதில்லை.

திரும்பி வந்து சாரிடம் குண்டான் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தம்மாவ யாராச்சும் வந்து கேக்கப் போறாங்களா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் என்ன?"

"மழை பெஞ்சுதுங்க சார்."

"ஒரு வருசம் போயிரும்மா."

"போகட்டுங்க சார்."

அடுத்த வாரம் மழைமானி மேலிருந்த குண்டானை நானே எடுத்துக் கண்ணாயி அம்மாவிடம் கொடுத்தேன். "சாமான் துருப்பிடிச்சா என்னைக் கேக்கக்கூடாது, ஆமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாரல் வந்தது. தாளில் கோடு முதல்முறையாக ஏறியது. செயற்கைக்கோள் வழக்கம்போல மழை இல்லை என்றது.

வீட்டில் அம்மா ஜாதகத்தை வெளியே எடுத்தாள்.