ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் நாள்

1

இந்தக் கதை ஒரு வெட்கத்தில் பிறந்தது. கிர்கிஸ்தானில், நாரின் பக்கம் ஒரு மாவட்ட மருத்துவமனை. பெயர் சொல்ல மாட்டேன். அதன் சர்வர் ஒருமுறைகூட நிற்காமல் ஓடுகிறது என்று நூறு நாளுக்கு ஒரு தடவை சர்வர் அறை வாசலில் தட்டு நிறையப் போர்சோக் என்ற மாவுப் பலகாரத்தைப் பொரித்து வைப்போம். கைதட்டித் தின்றவர்களில் நானும் ஒருவன். (மருத்துவம் படிக்க வந்து, பாதியில் விட்டு, பதிவேட்டுப் பிரிவில் ஒட்டிக்கொண்டவன் நான். என்னைப் பற்றி இது போதும்.)

முதலில் எழுதிய தொடக்கம்: "தாலாய் ஒரு தற்பெருமைக்காரர். சர்வரைக் கட்டிக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு ஊரையே—"

அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

2

தாலாய்க்கு நாற்பத்தேழு வயது. கணினிப் பிரிவின் தலைவர். எங்களுக்கெல்லாம் அண்ணன் முறை, அதனால் தாலாய் பைகே. சர்வர் ஓடிய நாள் கணக்கைக் காலையில் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் தேநீர் குடிப்பார்.

தமீரா தலைநகர் பிஷ்கெக்கில் இருந்து வந்த பயிற்சியாளர். வயது இருபத்தொன்பது. சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம் மக்கர் செய்தால் கோளாறை எப்படித் தேடுவது, மந்தமானால் எப்படி வேகமாக்குவது என்று தாலாயின் பிரிவில் ஐந்து பேருக்கு மூன்றே நாளில் சொல்லித் தர வேண்டும்.

முதல் நாள் கதவில் 1912.

"என்ன பைகே, இது யாரோட வயசு?"

"ஓடுற நாள், டீச்சரம்மா. ஒரு தடவகூட நிறுத்தல."

"நிறுத்தினா திரும்ப எழுந்திரிக்குமா?"

"நல்லா ஓடுற குதிரைய யாராச்சும் படுக்கப் போட்டுப் பாப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தமீராவும்தான். "நாளன்னைக்கு மூணு மணிக்குப் படுக்கப் போடுறோம். அதான் கடைசிப் பாடம்."

தாலாய் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

3

ஏன் என்று சொல்லிவிடுகிறேன்; ஒளித்து வைத்து விளையாட எனக்கு மனமில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன், பாதை பனியில் அடைபட்ட வாரம். நோயாளிகளின் பதிவு திறக்கவில்லை. தாலாய் தனியாக உட்கார்ந்து பதினோரு கட்டளைகளை அடித்தார். திறந்துகொண்டது. ஊர் அவரைக் கொண்டாடியது. அந்தப் பதினொன்றையும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் நிற்கும்போது அவையும் போய்விடும், பதிவு மறுபடி திறக்காது. நாளைக்கு எழுதலாம் என்று விட்டார்.* இப்போது அவை என்னென்ன என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

(* இதை அவருடைய பெரிய குற்றமாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நான் நாளைக்கு என்று விட்டவற்றை நினைத்துப் பார்த்தேன். பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

இரண்டாம் நாள் பாடம், மெஷினில் ஓடும் கட்டளைகளையும் கோப்பில் எழுதியிருப்பதையும் ஒப்பிடுவது. "இன்னைக்கு மெஷினுக்கு வேல ஜாஸ்தி" என்று தாலாய் தட்டிக் கழித்தார். மாலையில் தமீரா தானே ஒப்பிட்டாள். பதினொன்றும் கிடைத்தன. யாருடைய வேலை என்று தாலாயின் முகமே பாட நேரத்தில் சொல்லியிருந்தது. சத்தம் காட்டாமல் எல்லாவற்றையும் கோப்பில் எழுதி வைத்தாள். சொல்லித் தர வந்தவள் அவள். மாட்டிவிட வந்தவள் இல்லை.

(இவ்வளவு நல்லவளா என்று நானே சந்தேகப்பட்டேன். கொஞ்சம் கர்வம் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

4

மூன்றாம் நாள், மூன்றுக்குப் பத்து நிமிஷம். தலைமை மருத்துவர் கனிகேய் போர்சோக் தட்டோடு வந்து நின்றார்.

"கையால போட்டு எழுதி வைக்காம விட்டது எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க," என்றாள் தமீரா. "ஓடுறப்ப கேட்டா மெஷினே சொல்லும். நின்னப்புறம் அதுக்கே தெரியாது. நானும் ஒரு தடவ விட்டிருக்கேன். ரெண்டு நாள் அழுதேன்."

"நம்ம தாலாயா விடுவான்?" கனிகேய் சிரித்தார். "சட்டப் பொத்தானக்கூட ரெண்டு தரம் தொட்டுப் பாக்குறவன் அவன்!"

தாலாயின் கை சட்டைப் பொத்தான்வரை போய், தொடாமல் இறங்கியது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவர் வாயைத் திறக்கவில்லை. சர்வர் நிற்கிறது, எழுகிறது. கைதட்டல். மறுநாள் கோப்பைத் திறக்கிறார். தான் எழுதாத பதினோரு வரிகள். தமீராவின் பஸ் மலையைத் தாண்டியிருக்கும். மானம் தப்பியது. அப்புறம் அவர் ஒரு போர்சோக்கூடத் தொடுவதில்லை.

மற்றதில் சொல்லிவிடுகிறார். கனிகேயின் முகம் வாடுகிறது, யாரோ கிசுகிசுக்கிறார்கள், தாலாய் என்ற பெயருக்கு ஊரில் இருந்த எடை அந்த மத்தியானமே குறைந்து—

முடிக்கவில்லை. இரண்டிலும் சர்வர் எழுந்துவிடும், நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகாது, தமீரா பார்த்துக்கொண்டாள். அது தாலாய்க்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

மணி மூன்று. தமீராவின் விரல் பொத்தான்மேல் இருக்கிறது.

"பைகே, நிறுத்தட்டுமா?"

அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறார்.