எந்த விரல்

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்தும் மெய்யம்மைக்கு அன்றைக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, இல்லையென்றால் பொய். மூலைக்கொன்றாக நடந்த பாடங்களை ஒன்றாகச் சேர்த்து, முதல் வருடத்திலேயே பிள்ளைகளை நோயாளி பக்கத்தில் நிறுத்தும் புதுப் பாடத்திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. "ஒரே பாடத்தை மூணு டிபார்ட்மென்ட் எதுக்கு எடுக்கணும்?" என்று அட்டவணையில் அவர் கையாலேயே அடித்துத் தள்ளியவை ஏராளம்.

வார்டில் பொன்னமராவதிக்காரர் ராசு, சர்க்கரை நோயாளி. இடது பாதம் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று சர்ஜன் சொல்லியும், கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடமாக இருந்தார். மெய்யம்மை கூட்டிவந்த முதல் வருடப் பிள்ளைகளில் புவனேஸ்வரியைக் கண்டதும் மனுஷருக்கு முகம் மலர்ந்தது.

"வாங்க டாக்டரம்மா! போன வாரம் கால் மரத்துப்போகுதுன்னு ஓபி வரிசையில நின்னேன். இவங்கதான் தொட்டுப் பாத்து, ரத்தம் நல்லா ஓடுதுன்னாங்க. அப்பறம் எதுக்கு நிக்கணும்னு பஸ் ஏறிட்டேங்க."

மெய்யம்மைக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக் கோட்டுக்குள் இருப்பது முதல் வருடமா முப்பது வருடமா என்று பாவம், அவர் எதைக் கண்டார்?

"எப்படிப் பாத்த? காட்டு."

புவனேஸ்வரி குனிந்து, ராசுவின் பாதத்தில் தன் கைக் கட்டைவிரலை அழுத்தினாள். "இப்பவும் ஓடுது மேடம்."

மெய்யம்மை தன் மூன்று விரல்களை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. கட்டைவிரலை வைத்தால் தெரிவது தொடுகிறவரின் நாடி. இது தெரியாமலா?

"யாரு இப்படிச் சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லலைங்க மேடம். பிசியாலஜியில, வார்டுல சொல்லுவாங்கன்னாங்க. வார்டுல, அங்கிட்டே முடிஞ்சிருக்குமேன்னாங்க. நீங்க நாடி இருக்குற எடத்த மட்டும் காட்டுனீங்க."

பிசியாலஜி அட்டவணையில் நாடி பார்க்கும் வகுப்பை அடித்தது அவர் பேனாதான். ஊர்கூடித் தேர் இழுக்க வந்து, அடுத்தவன் வடம் பிடிப்பான் என்று ஆளாளுக்கு நின்ற கதை.

"மத்தவங்க? நீங்க எந்த விரல்ல பாப்பீங்க?"

பத்துப் பேர் நின்றார்கள். பத்துக் கட்டைவிரல்கள் நீண்டன.

"இந்த டாக்டரம்மா இப்பவும் ஓடுதுங்குறாங்கள்ல?" என்றார் ராசு ஆசையோடு. "அப்பக் கால எடுக்க வேணாம்ல?"

"ஓடலைங்க," என்றார் மெய்யம்மை. "அந்தப் பிள்ள மேல தப்பில்ல. எம் மேலதான்."

ராசு அவரை நம்பவில்லை. புவனேஸ்வரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.