போயிட்டு வந்து என்ன மாத்துனீங்க?

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வராது என்பார்கள். நானும் அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் பார்த்தேன், முடியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் அவளைத் திட்டும்போது யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் இருவரும் ஒரே டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறோம். ஜன்னலே இல்லாத கட்டடம். உள்ளே வரிசை வரிசையாக சர்வர் அலமாரிகள். வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ரயில் டிக்கெட் என்று ஊரே அந்த அலமாரிகளுக்குள்தான் குடியிருக்கிறது. அவை சூடாகாமல் பார்த்துக்கொள்வது என் அண்ணி. குளிரூட்டும் பிரிவுக்குத் தலைமை இன்ஜினியர். நான் மேல்மாடியில், பயிற்சியும் பயணமும் பார்க்கிற பிரிவு. யார் எந்த மாநாட்டுக்குப் போகிறார்கள், எந்த விமானம், எந்த ஹோட்டல் என்பதெல்லாம் என் தலைவலி.

வருஷம் பிறந்தால் போதும், அழைப்புகள் கொட்டும். 'நாளைய டேட்டா சென்டர்' என்று ஒரு மாநாடு, 'எதிர்கால டேட்டா சென்டர்' என்று இன்னொன்று. நாளை மறுநாளைக்கு மட்டும் இன்னும் யாரும் நடத்தவில்லை. எல்லா அழைப்பிலும் அதே ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள். எதற்குப் போவது, எதை விடுவது என்று எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் கட்டாக அள்ளிக்கொண்டு கீழே அண்ணியிடம் போவேன்.

அண்ணி அழைப்பைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள். போன வருஷம் அந்த மாநாட்டுக்குப் போன யாராவது ஒருவருடைய நம்பரை மட்டும் என்னிடம் கேட்பாள். போன் போட்டு, சௌக்கியம் விசாரித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி.

"போயிட்டு வந்து என்ன மாத்துனீங்க?"

அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவர் ஹோட்டலைப் பற்றி ஆரம்பித்தால், கொடுத்த பையைப் பற்றி ஆரம்பித்தால், யாரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார் என்று ஆரம்பித்தால், அண்ணி மரியாதையாக நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவாள். அந்த மாநாடு அன்றோடு சரி. மாறாக, "ஒரு வால்வை இடம் மாத்தினோம்", "அந்த அலாரத்தைத் தூக்கிட்டோம்" என்று யாராவது சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவாள். உலகத்திலேயே மலிவான ஆராய்ச்சி இதுதான் என்று நான் கேலி செய்வேன். ஆனால் அவள் போகலாம் என்று சொன்ன எந்த மாநாட்டிலிருந்தும் எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

இப்போது ராத்திரிப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸ் கொடுத்த பழைய போன் அது. மூலையில் கண்ணாடி விரிசல் விட்டது. இரவில் சென்டரில் எந்த அலாரம் அடித்தாலும் முதல் அழைப்பு அதற்குத்தான் வரும். அது பல வருஷமாக அண்ணியின் தலைமாட்டிலேயே கிடக்கிறது. வாரத்தில் பாதி நாள் அவள் தூக்கம் பாதித் தூக்கம். என் அண்ணன் பெண், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற வாண்டு, அந்தப் போனை எடுத்து "எந்த ரூம்?" என்று கேட்கப் பழகிவிட்டது. கேட்டு முடித்து, "அம்மா, சூடாயிடுச்சாம்" என்று அவளை எழுப்பும். எல்லோரும் சிரிப்போம். அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது. மாநாடுகளிலேயே பெரியது, கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு அரங்கத்தில் நடப்பது. எங்கள் சென்டர் பல வருஷமாக ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை என்று கேள்விப்பட்டு, அண்ணிக்கு விருது கொடுப்பதாகவும் மேடையில் பேச வரும்படியும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. சென்டர் முழுவதையும் நடத்துகிற இயக்கத் தலைவர் பதவி அப்போது காலியாக இருந்தது. தொழிலில் முகம் தெரிந்த ஆளைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைப்பேன், அந்த மேடையில் நிற்பவருக்கே பதவி என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். இந்த வருஷம் ஒரே ஒரு மாநாட்டுக்குத்தான் அனுப்ப முடியும், அது எது என்று அண்ணியே பேருக்கு ஒரு வரி எழுதித் தரட்டும் என்றும் சொன்னார்.

இயக்கத் தலைவருக்குப் பகல் வேலை மட்டும்தான், ராத்திரிப் போன் கிடையாது. இதைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். எனக்கும் அதே நினைப்புதான். மேடைக்கு அண்ணி என்ன உடுத்திக்கொள்வது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அண்ணியோ வழக்கம்போல நம்பர் கேட்டாள்.

விருது வாங்கப் போகிற இடத்தைப் பற்றியுமா விசாரிப்பது என்று கேட்டேன். அவள் கையை நீட்டினாள். நான்கு பேருடைய நம்பரைக் கொடுத்தேன். நால்வரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். முதல் மூவரும் பையைப் பற்றிச் சொன்னார்கள். நான்காமவர் நல்லவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒன்றும் மாற்றவில்லை, ஆனால் பை நன்றாக உழைக்கிறது என்றார்.

அண்ணி எழுதிக் கொடுத்த ஒரு வரியில் இருந்தது வேறு மாநாடு. பக்கத்து ஊரில் ஒரு தொழிற்கல்லூரிக் கூடத்தில் நடப்பது. அதற்கு விளம்பரம்கூடக் கிடையாது. அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: மேடையேறுகிறவர் தன் இடத்தில் எது கெட்டுப்போனது என்பதை மட்டும்தான் பேச வேண்டும், சாதனை பேசினால் இறக்கிவிடுவார்கள். போன வருஷம் அங்கே போன இருவரும் அண்ணியின் கேள்விக்கு மூச்சுவிடாமல் பதில் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கு நான் பொரிந்து தள்ளினேன். வலிய வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைக்கிறீர்கள் என்றேன். உங்களுக்காக வேண்டாம், உங்கள் மகளுக்காகவாவது போங்கள் என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைக்கும் என்று உறைத்தது. அண்ணி மேஜைமேல் விரித்திருந்த குளிர்நீர்க் குழாய் வரைபடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ராத்திரி முழுசா தூங்கணும்னு எனக்கும்தான் ஆசை. ஆனா ஊருக்கெல்லாம் போன் போட்டு ஒரு கேள்வி கேக்குறேன். என் முறை வரும்போது கேக்காம விட்டா, அப்புறம் நான் யாரையும் கேக்க முடியாதும்மா."

டைரக்டர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தார். அண்ணிக்குப் பதிலாக மேடைக்குக் கோட்டு சார் போனார். கோட்டு சார் எங்கள் மின்சாரப் பிரிவின் தலைமை இன்ஜினியர். வெயில் கொளுத்தினாலும் கோட்டைக் கழற்ற மாட்டார், அதனால் அந்தப் பெயர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பாராட்டு என்றால் கொஞ்சம் கழுத்து நீளும், அவ்வளவுதான். விருதை வாங்கினார், படத்தில் நன்றாக இருந்தார், தலைவராகவும் ஆனார். ராத்திரிப் போன் அண்ணியின் தலைமாட்டிலேயே கிடந்தது. அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அண்ணி சொந்த லீவு போட்டுக்கொண்டு கல்லூரிக் கூடத்துக்குப் புறப்பட்டாள். நானும் லீவு போட்டேன். பதவியையே தூக்கிப் போட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அங்கே என்னதான் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ஒன்றுமே கிடைக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டு போனேன்.

மடக்கு நாற்காலிகள், முக்கி முக்கி ஓடுகிற மின்விசிறி, பாதித் திரையில் மட்டும் விழுகிற புரொஜெக்டர். பை கிடையாது. இரண்டாவதாக ஏறியவர் நரைத்த மீசைக்காரர். தன் இடத்தில் குளிர்ந்த தண்ணீரைச் சுற்றவைக்கிற பம்ப் ஒரு மதியம் நின்றுபோனது என்றார். அதற்கு மாற்றாக வைத்திருந்த பம்பும் ஓடவில்லை. மாதாமாதம் தவறாமல் சோதித்த பம்ப்தான். ஆனால் சோதிக்கும்போதெல்லாம் மெயின் பம்ப்பை யாரும் நிறுத்தியதில்லை, அதை நிறுத்திப் பார்க்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? மாற்றுப் பம்ப்பை இயக்குகிற சின்னப் பெட்டிக்கு மின்சாரம் மெயின் பம்ப்பின் மின்சாரப் பேனலிலிருந்தே வந்துகொண்டிருந்தது. பேனல் போனதும் இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. "நல்ல வெயில்ல குடைய விரிச்சுப் பாத்துட்டு, ஒழுகலன்னு எழுதி வெச்சிருந்தோம்" என்றார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய் எங்கள் சென்டருக்குப் போன் போட்டாள். மாற்றுப் பம்ப்பின் பெட்டியைத் திறந்து வயர் எந்தப் பேனலுக்குப் போகிறது என்று பிடித்துப் பார்க்கச் சொன்னாள். பதில் வரும்வரை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதில் வந்தது. எங்கள் இடத்திலும் அதே கதைதான்.

மதியத்துக்கு மேல் அவள் பேச வேண்டிய முறை இருந்தது. நடத்துகிறவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். கதையை அப்புறம் வந்து சொல்வதாகவும், இப்போது போய் மாற்ற வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாள். அந்த மனிதர் கோபப்படவில்லை. அவ்வளவு பெரிய சிரிப்போடு ஒருவரை வழியனுப்புவதை நான் எந்த மாநாட்டிலும் பார்த்ததில்லை. ரயிலில் அண்ணி முழங்காலில் தாளை வைத்து வயர் போகிற வழியை வரைந்துகொண்டே வந்தாள். எதிர் இருக்கையில் உட்கார்ந்து நான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். தோற்றவள் முகம் மாதிரியே இல்லை. எனக்கு முதல் தடவையாக என் அண்ணன் மேல் பொறாமையாக இருந்தது, இப்படி ஒருத்தி கிடைத்தாளே என்று.

அந்த வாரமே வயர் வேறு பேனலுக்கு மாறியது. புதுத் தலைவரான கோட்டு சார் வந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து ஒரு மதியம், டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், மெயின் பம்ப்பின் பேனல் போய்விட்டது. எங்கள் மாடியில் விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது. ஊரில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வங்கியில் பணம் எடுத்தவர் எடுத்துக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் வாங்கியவர் வாங்கிக்கொண்டிருந்தார். மாற்றுப் பம்ப் தானாக ஓடத் தொடங்கியிருந்தது. வாரத்து அறிக்கையில் 'பாதிப்பு இல்லை' என்று ஒரு வரி. டைரக்டர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். எங்கள் தொழிலில் ஒருவர் செய்கிற பெரிய காரியம் கடைசியில் இப்படித்தான் ஆகும், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுவார்கள்.

ஆனால் பேனல் போனபோது பம்ப் அறையில் ஒருவர் நின்றிருந்தார், கோட்டு சார். ஒரு பம்ப் அடங்கி இன்னொன்று எழுந்த அந்த இடைவெளியை அவர் காதால் கேட்டார்.

மறு வருஷம் மாநாடுகளை முடிவுசெய்யக் கூட்டம் கூடியது. தலைவர் நாற்காலியில் கோட்டு சார், பக்கத்தில் டைரக்டர், எதிரே அண்ணி. அழைப்புக் கட்டோடு நான். மேலே இருந்தது அந்தக் கண்ணாடி மாளிகையின் அழைப்பு, இந்த வருஷமும் கோட்டு சாரைத்தான் மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அதை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"போன வருஷம் இதுக்குப் போனவன் நான்தான். போன் போட்டுக் கேக்க வேண்டிய அவசியமில்ல. போயிட்டு வந்து நான் மாத்துனது என் பையத்தான்."

அழைப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கல்லூரிக் கூடத்துக்கு எழுதச் சொன்னார். டைரக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோட்டு சார் பேனல் போன மதியத்தைப் பற்றி அவருக்கு முதல் தடவையாக விளக்கமாகச் சொன்னார். டைரக்டர் வாயை மூடிக்கொண்டார். அடுத்தது, அண்ணி அங்கே பாக்கி வைத்துவிட்டு வந்த கதையை யார் சொல்வது என்ற பேச்சு. அந்த வயர் தன் பிரிவு இழுத்தது, அது தன் தப்பு, தான்தான் சொல்வேன் என்றார் கோட்டு சார். மாதாமாதம் சோதித்துக் கையெழுத்துப் போட்டது நான், அதனால் தப்பு என்னுடையது என்றாள் அண்ணி. இருவரும் விடவில்லை. விருதுக்கு அடித்துக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தப்புக்கு அடித்துக்கொள்கிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது, இரண்டு டிக்கெட் போட்டேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது கோட்டு சார் அண்ணியை நிறுத்தினார். மேஜைமேல் கிடந்த ராத்திரிப் போனைக் காட்டினார்.

"இதையும் மாத்திடலாம். இனிமே வாரத்துக்கு ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். முதல் வாரம் எனக்குக் குடுங்க."

அண்ணி உடனே கொடுக்கவில்லை. போனைக் கையில் எடுத்து, விரிசல் விட்ட மூலையைக் கட்டை விரலால் துடைத்தாள், துடைத்தால் போய்விடும் என்பதுபோல. பிறகு இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"சத்தத்த மட்டும் குறைச்சு வெச்சிராதீங்க சார்" என்றாள்.