வெதர்பி கிளப்பில் ஏழு மொச்சை

செய்யாறு பக்கத்துக் கத்தரிக்காய் விவசாயி சண்முகசுந்தரம் அரசியலுக்கு வந்தது அவர் விருப்பத்தால் அல்ல. ஒரு மழைக்காலத்தில் கட்சித் தலைவரின் கார் அவருடைய கொல்லையில் அச்சுவரை புதைந்துவிட்டது. மாடுகளைப் பூட்டி இழுத்துக் கரையேற்றினார். இழுத்து முடித்ததும் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். சண்முகசுந்தரத்தை அவிழ்க்க மறந்துவிட்டார்கள். ஆயிற்று, இருபத்திரண்டு வருடம்.

இத்தனை வருடத்தில் தி.நகரில் ஒரு வாடகை வீடு, பதினாறு வெள்ளை வேட்டி, போஸ்டரின் கடைசி வரிசையில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம் என்று வளர்ந்திருந்தார். தேர்தலில் நிற்கச் சீட்டு மட்டும் கிடைக்கவில்லை. இந்த முறை கேட்டபோது தலைவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"தரேன்யா. ஆனா அடையாறு, மயிலாப்பூர் ஆளுங்க உன்னை மதிக்கணும்ல? வெதர்பி கிளப்புல மெம்பராயிட்டு வா. வெள்ளிக்கிழமை லிஸ்ட் போடறேன்."

அடையாற்றங்கரையில் இருக்கும் அந்த கிளப்பை வெதர்பி என்ற துரை கொசுவுக்குப் பயந்து கட்டினார். துரை போய்விட்டார். கொசுவும் விதிகளும் தங்கிவிட்டன. சுதந்திரம் கிடைத்த விஷயத்தை கமிட்டியின் நிகழ்ச்சிநிரலில் அப்போதே சேர்த்தார்கள். அன்று போதிய ஆள் வராமல் கோரம் இல்லாததால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். இன்னும் தள்ளிவைத்தபடியே இருக்கிறார்கள். அங்கே இட்லியை முள்கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். வேட்டிக்கு அனுமதி உண்டு, சட்டமே வந்துவிட்டதே. ஆனால் வேட்டிக்கு உள்ளே முழங்கால்வரை காலுறை இருக்க வேண்டும் என்று கிளப் தன் பங்குக்கு ஒரு விதி போட்டுக்கொண்டது.

புது உறுப்பினரைச் சேர்க்க அங்கே ரகசிய வாக்கு உண்டு. துரை காலத்தில் தந்தத்தால் செய்த உருண்டைகளைப் போட்டார்கள்: வெள்ளை என்றால் சரி, கருப்பு என்றால் வேண்டாம். ஒரே ஒரு கருப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. யானைத் தந்தமாயிற்றே என்று வனத்துறை வந்து அவற்றை எடுத்துப் போனபின், வெள்ளைக்கு மொச்சையும் கருப்புக்குக் கொண்டைக்கடலையும் வைத்தார்கள். ஒரு வருடம் வண்டு பிடித்து, எண்ணும்போது நான்கு வாக்குகள் மேஜையை விட்டு நடந்தே போய்விட்டன. அன்றிலிருந்து பட்லர் அப்துல் சமத் இரண்டையும் வாணலியில் போட்டு நன்றாக வறுத்துத்தான் கொண்டுவருகிறார்.

இதெல்லாம் சண்முகசுந்தரத்துக்குத் தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி சரோஜாதேவியோடு கிளப்பின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். கமிட்டி முன்னால் ஏப்பம் விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்ததால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்.

கமிட்டித் தலைவர் ஆனந்தகுமார் எட்டிப் பார்த்தார். தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்து பாண்டி பஜாரில் நகைக்கடை வைத்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. சந்தன நிறக் கோட்டு. கூடவே செயலாளர் நீரஜா, மயிலாப்பூர்.

"மிஸ்டர் சுந்தரம், உங்க ஹாபீஸ் என்ன?"

"கத்திரிக்காய்ங்க."

"அதைச் சாப்பிடறதா, பெயிண்ட் பண்றதா?" என்றார் நீரஜா.

"வெளைய வைக்கிறதும்மா."

"ஓ. எங்காத்துலயும் டெரஸ்ல ஒரு தொட்டி வச்சிண்டிருக்கோம்." நீரஜா சிரித்த சிரிப்பிலேயே சரோஜாதேவிக்கு முடிவு தெரிந்துவிட்டது. கதவு மூடியதும் புருஷனிடம் சொன்னாள். "எழுந்துருயா, போலாம். இவங்க உன்னை சேக்கறவங்க மாதிரி இல்ல."

"இருடி. இது போச்சுன்னா சாவறவரிக்கும் போஸ்டர் ஒட்டிக்கினே இருக்க வேண்டியதுதான்."

அந்த நேரம் அப்துல் சமத், பட்டுத்துணி போர்த்திய வெள்ளித் தட்டு ஒன்றை அவர்கள் முன்னால் இருந்த மேஜைமேல் வைத்துவிட்டு, வாக்குப்பெட்டியை எடுக்க உள்ளே போனார். வாசனை வந்தது. சண்முகசுந்தரம் துணியைத் தூக்கினார். இரண்டு கிண்ணம். பரவாயில்லை, வெள்ளைக்காரன் வழக்கமானாலும் பசி தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். மொச்சை அவருக்கு வாயு. கடலைக் கிண்ணத்தை மட்டும் காலி செய்தார். மரியாதை தெரிந்தவர், துணியைப் பழையபடி மூடி வைத்தார். சமத் வந்து தட்டை எடுத்துப் போனார்.

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே நடப்பது தெரிந்தது. கமிட்டியின் ஏழு பேரும் ஒவ்வொருவராகத் தட்டருகே வந்து, துணிக்கு அடியில் கையை விட்டு, எதையோ எடுத்துப் பெட்டியின் துவாரத்தில் போட்டார்கள். நீரஜாவின் கை துணிக்குள் வெகுநேரம் துழாவியது. ஆனந்தகுமாருக்கு நெற்றி வியர்த்தது. இவ்வளவு யோசித்து முடிவெடுக்கிறார்களே என்று சண்முகசுந்தரத்துக்கு அவர்கள்மேல் மதிப்பே வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்தார்கள். ஏழும் மொச்சை.

சமத் வெளியே வந்தார். சண்முகசுந்தரத்தின் மடியில் கிடந்த கடலைத் தோலைப் பார்த்தார்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க?"

"நல்லா வறுத்திருக்கீங்க பாய். உப்புதான் இல்ல."

"அது வேணாம்னு போடற ஓட்டு சார்."

சரோஜாதேவி தலையில் கை வைத்தாள். "அத்தினியுமா தின்ன?"

சண்முகசுந்தரம் மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். வாயைத் திறக்காமல் போனால் நாளைக்குச் சீட்டு. ஆனால் அடுத்தவன் கொல்லையில் ஒரு பிஞ்சு பறித்தால்கூடச் சொல்லிவிட்டுப் பறிக்கும் மனுஷன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"தப்பா நினைக்காதீங்க. அந்தக் கடலையை நான் தின்னுட்டேன். வேற வறுத்தாரச் சொல்லுங்க, மறுபடி போடலாம்."

கடலை இல்லை என்று தெரிந்ததாகச் சொன்னால், கடலையைத் தேடியதாக ஆகிவிடும். ரகசிய வாக்கை வெளியிட்டவர் கிளப்பில் இருக்கக் கூடாது என்பது வெதர்பி துரையின் முதல் விதி.

"அப்படியா?" என்றார் நீரஜா. "நான் அந்தக் கிண்ணத்துப் பக்கமே போகலை."

"நானும்தான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எனக்குத் தட்டுல ரெண்டு கிண்ணம் இருந்ததே தெரியாது" என்று ஆனந்தகுமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "யாருக்காவது மறுபடி வாக்கெடுக்கணுமா?"

ஏழு பேரும் ஏழு திசையில் இருந்த ஏழு துரைகளின் படத்தைப் பார்த்தார்கள். சண்முகசுந்தரம் ஏகமனதாக உறுப்பினரானார்.

மறுநாள் காலையில் கட்சித் தலைவர் போன் செய்தார். விஷயம் அதற்குள் தேனாம்பேட்டை கட்சி ஆபீஸ் வரைக்கும் போயிருந்தது.

"எதிர் ஓட்டு மொத்தத்தையும் தின்னுட்டியாமே. நாப்பது வருஷ அரசியல்ல எனக்கே இது தோணலையே. எப்பிடிய்யா?"

"பசி தலைவரே."

தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"இதை இன்னொருத்தன் கிட்ட சொன்னியானா சீட்டு கெடையாது. திட்டம் போட்டுத் தின்னேன்னு சொல்லு."

தேனாம்பேட்டை வேட்பாளர் அறிமுகக் கூட்டத்தில் சண்முகசுந்தரம் மூன்று மாதத் திட்டம் என்றார். மந்தைவெளியில் ஆறு மாதமாயிற்று. சாந்தோமில் பேசும்போது, வண்டு பிடிக்காத கடலையாகப் பார்த்துச் செய்யாற்றிலிருந்து தானே அனுப்பி வைத்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அது உண்மைதானே என்பதுபோல் மேடையிலிருந்து மனைவியைப் பார்த்தார். அன்றிலிருந்து சரோஜாதேவி, அவர் பிரசாரத்துக்குக் கிளம்பும்போதெல்லாம், வழிமறித்து உட்காரவைத்து, இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனபிறகுதான் வாசல் கதவைத் திறந்தாள்.